வேடிக்கை பார்ப்பதா, அத்தாட்சி காண்பதா?

பெருநாள் கழிந்த மறுநாள் ஆரணியிலிருந்து வேன்கள் புறப்படுவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர், கோமுட்டேரி, பீமன் நீர்வீழ்ச்சி என்று சுற்றிவிட்டு இரவில் திரும்புகிறார்கள். பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். காசுக்கும் கேடு, நேரத்துக்கும் கேடு என்கிறார்கள். இளைஞர்களோ, இதில் ஹராம் என்ன இருக்கிறது என்று ஒரே கேள்வியில் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறார்கள். இரு சாராரும் விஷயத்தைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது எமது எண்ணம். போவது ஆகுமா, ஆகாதா என்பது எளிய மஸ்அலா. போன இடத்தில் எப்படிப் பார்ப்பது என்பதுதான் கடினமானது. தொழுகைக்கு ஒழுங்கு உண்டு, உண்பதற்கு ஒழுங்கு உண்டு. கண்ணால் பார்ப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டா?

எளியதை முதலில் முடித்துவிடுவோம். பூமியில் பிரயாணம் செய்து பார்க்கும்படி அல்லாஹ் தன் திருமறையில் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் ஏவுகிறான். அல்அன்கபூத் அத்தியாயத்தில் படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று பார்க்கச் சொல்கிறான். அர்ரூம் அத்தியாயத்தில் முன்சென்றவர்களின் முடிவைப் பார்க்கச் சொல்கிறான். ஆரணிவாசிகள் இரண்டாவதற்காக வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆரணி ஜாகீர்தாரர்கள் கட்டிய மாளிகை பூசிமலைக்குப்பம் காட்டில் கூரை இழந்து, சுவரில் மரம் முளைத்துக் கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம். முதலாவதற்கு மலை இருக்கிறது. குழித்தறியில் காலை நுழைத்து, விடிந்ததிலிருந்து பாவையும் ஊடையையுமே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு ஒருநாள் பச்சையைக் காட்டுவது வீண் என்று யார் சொல்ல முடியும்? நம் உடலுக்கும் கண்ணுக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்பது நபிமொழி. நேரம் தவறாமல் தொழுகை நடக்கவேண்டும், கடன் வாங்கிப் போகலாகாது, வீட்டுப் பெண்களை எப்போதும் விட்டுவிட்டே போகலாகாது. கஸ்ரு செய்யலாமா என்பது போகும் தூரத்தைப் பொறுத்தது. புறப்படுமுன் இமாமைக் கேட்டுக்கொள்ளலாம். எளிய பகுதி இவ்வளவுதான்.

இனி யூஸுஃப் அத்தியாயத்தின் 105ஆவது ஆயத்தைச் சற்று நிதானித்துச் சிந்திக்கவேண்டும். வானங்களிலும் பூமியிலும் எத்தனையோ அத்தாட்சிகள் இருக்க, அவற்றின் அருகிலேயே நடந்து சென்றும் மக்கள் முகம் திருப்பியவர்களாகவே கடந்துபோகிறார்கள் என்பது அதன் கருத்து. ஓடும் வேனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே மலை வருகிறது, போகிறது. உள்ளே பாட்டும் கூத்தும் நடக்கின்றன. அது முகம் திருப்புதலில் ஒரு வகை. இன்னொரு வகையும் உண்டு. முகத்தை மலையின் பக்கம் வைத்துக்கொண்டே அதைக் காணாமலிருப்பது! அத்தாட்சி என்பது தன்னைப் படைத்தவனைச் சுட்டுகிறது. வேடிக்கை என்பது பார்க்கிற நம்மையே சுட்டுகிறது. மயிலைப் பார்த்ததும் சுபுஹானல்லாஹ் என்று நாவு சொல்லி அடங்கினால் அது முதல் வகை. அந்த மயில் நமக்காகத் தோகை விரிக்கவேண்டும், திரும்பி நிற்கவேண்டும், படத்துக்கு அகப்படவேண்டும், இல்லையேல் ஒரு கல்லை எறிந்தாவது எழுப்பவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் அது இரண்டாவது வகை. மயில் ஒன்றே, பார்வைதான் இரண்டு.

பார்வையின் ஒழுங்கை எங்கிருந்து கற்பது? ஹரம் ஷரீஃபிலிருந்து என்பேன். மக்கா வெற்றியின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹரமின் எல்லைக்குள் செடி வெட்டுவதைத் தடுத்தார்கள். அத்துடன் அங்குள்ள வேட்டைப் பிராணிகளைத் திடுக்கிடச் செய்வதையும் தடுத்தார்கள். கொல்லக்கூடாது என்பதோடு நிற்கவில்லை; விரட்டவே கூடாது. திடுக்கிடச் செய்வது என்றால் என்ன என்று இக்ரிமா (ரஹ்) அவர்கள் தம் மாணவருக்கு விளக்கியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நிழலில் இருக்கும் பிராணியை அப்புறப்படுத்திவிட்டு, நீ அந்த நிழலில் உட்கார்ந்துகொள்வதுதான் அது என்றார்கள் அவர்கள். எத்தனை நுட்பம் பாருங்கள்! பீமன் நீர்வீழ்ச்சிக்குப் போகிறவர்கள் பாறை நிழலில் விரிப்பை விரிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளட்டும்.

இதைவிட என் மனத்தைத் தொட்டது முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கொண்டுவரும் செய்தி. நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் இஹ்ராம் கட்டி மக்காவை நோக்கிச் செல்கிறார்கள். வழியில் ஒரு மான் உடலில் அம்பு தைத்த நிலையில் நிழலில் சுருண்டு கிடக்கிறது. கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. பெருமானார் ஒரு மனிதரை அழைத்து, கடைசி ஆள் கடந்துபோகும்வரை அந்த மானை யாரும் தொந்தரவு செய்யாதபடி அதன் அருகே நின்று காக்குமாறு பணித்தார்கள். இஹ்ராம் கட்டிய பிரயாணத்தில் ஒரு மானுக்காக ஒரு மனிதர் நிறுத்தப்பட்டார்! நமது சுற்றுலாக்களில் சமையலுக்கு ஆள் வைக்கிறோம், செருப்புக்கும் ஆள் வைக்கிறோம். இந்த வேலைக்கு ஆள் வைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அது ஹரம், அது இஹ்ராம். ஜவ்வாது மலை ஹரம் அல்லவே என்று எவரேனும் கேட்கலாம். சட்டப்படி சரிதான். ஆனால் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு பிரயாணத்தின் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அதில் இஹ்ராமைப் பற்றிய பேச்சே இல்லை. தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, இதன் குஞ்சை எடுத்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று வினவி, உடனே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வேட்டை ஹலால், அறுத்து உண்பது ஹலால். ஆனால் இங்கே உணவும் இல்லை, தேவையும் இல்லை. இருந்தது வெறும் ஆசை.

பட்டு நகரத்தார் இவ்விடத்தில் என்னை மடக்குவார்கள். கூட்டுக்குள் புழு உயிரோடு இருக்கக் கொதிநீரில் போட்டு எடுத்த இழையில் பிழைக்கும் ஊரில் நின்றுகொண்டா குருவிக் குஞ்சுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்பார்கள். கூட்டைக் கொதிக்க வைக்கும் வேலை ஆரணியில் பெரும்பாலும் நடப்பதில்லை, இழையாகத்தான் வெளியூரிலிருந்து வருகிறது என்று நழுவப் பார்ப்பது நேர்மையாகாது. ஷரீஅத் பட்டை ஆண்களுக்கு விலக்கிப் பெண்களுக்கு ஆகுமாக்கியிருக்கிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே ரிஸ்க். பயனுக்காக ஓர் உயிரை எடுப்பது வேறு, பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை அலைக்கழிப்பது வேறு. இந்தப் பிரிவினையின்மீதே நமது மார்க்கச் சட்டம் நிற்கிறது. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி, பயன் எதற்காகவுமின்றி இவன் என்னைக் கொன்றான் என்று கியாமத்து நாளில் முறையிடும் என்ற ஹதீஸை நஸாஈயில் காண்கிறோம். குருவியின் வழக்கு கொன்றதைப்பற்றி மட்டுமல்ல, வீணாகக் கொன்றதைப்பற்றி. அதற்காகப் புழுவின் வேதனை எனக்குப் பெரிதாகப் படவில்லை என்று சொல்லமாட்டேன். புடவையின் விலையில் அதுவும் அடக்கம் என்பதை நெய்கிறவரும் உடுத்துகிறவரும் அறிந்திருப்பது நல்லது.

பயன், வீண் என்ற இந்தப் பிரிவினையை ஒருவருடைய வாழ்க்கையிலேயே காட்டலாம். 1896இல் பம்பாயில் பிறந்த ஸாலிம் அலி சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் இருந்தது. அது என்ன குருவி என்று அறிய விரும்பி, மாமா அமீருத்தீன் தய்யிப்ஜியின் கடிதத்தோடு 1908இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாசலுக்குப் போனார். அன்று திறந்த கதவு 1987இல் அவர் மறைந்தபோதுதான் மூடிற்று. இந்தியப் பறவைகளைப்பற்றிய அறிவில் பெரும்பகுதி அவர் தந்தது. ஆராய்ச்சிக்காக அவர் பின்னரும் பறவைகளைச் சுட்டதுண்டு, அதை மறைத்ததில்லை. வேடிக்கைக்காகச் சுடும் பழக்கத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைக்கட்டியில் அவர் பெயரால் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது.

பறவைகளைப் பார்க்க ஆரணியிலிருந்து வந்தவாசி வழியாக வேடந்தாங்கலுக்கும் போகலாம். வேடர்கள் தங்கிய ஊர் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். அங்கே வேட்டையை நிறுத்தியவர்கள் ஊர் ஜனங்கள்தாம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அறிந்த விவசாயிகள், கம்பெனிச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798இலேயே செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்துமூலமாகப் பாதுகாப்புப் பெற்றார்கள். 2022இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பருவமழைக்குப் பின் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கடப்ப மரங்களில் அடையடையாக வந்து உட்காரும். கரையில் நின்று பார்ப்பதோடு சரி. மரத்தருகே போக வழியில்லை. இவ்வளவு தூரம் வந்தும் கிட்டத்தில் பார்க்க விடவில்லையே என்று குறைபடுகிறவர்கள் உண்டு. அந்தத் தூரம் இருப்பதால்தான் பார்ப்பதற்கு அங்கே பறவை இருக்கிறது.

தெரிந்து செய்யும் தொல்லையை இதுவரை சொன்னோம். தெரியாமல் செய்வது அதைவிட அதிகம். ஸுலைமான் (அலை) அவர்களின் படை எறும்புகளின் ஓடைக்கு வந்தபோது ஓர் எறும்பு தன் இனத்தைப் புற்றுக்குள் போகச் சொன்ன வரலாறு அந்நம்ல் அத்தியாயத்தில் வருகிறது. அந்த எறும்பு படையினர்மீது பழி போடவில்லை. அவர்கள் அறியாமலே மிதித்துவிடக்கூடும் என்றுதான் சொல்லிற்று. நபியவர்கள் அதைக் கேட்டுப் புன்னகைத்து, நன்றி செலுத்தத் தமக்கு அருளுமாறு ரப்பிடம் துஆச் செய்தார்கள். படைக்கு இருந்த இந்த எச்சரிக்கை வேனுக்கும் வேண்டாமா? சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே போகும் திம்பம் சாலையில் வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் மாண்டதால்தான், அவசர வண்டிகள் நீங்கலாக இரவுப் போக்குவரத்துக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வண்டியோட்டிகளில் எவரும் மானைக் கொல்லவென்று நிய்யத்து வைத்துக் கிளம்பியவரல்லர். மலைச் சாலையில் குரங்குக்கு வாழைப்பழம் எறிகிறவரும் ஸதக்கா செய்வதாகவே நினைக்கிறார். பழத்துக்காகச் சாலையோரமே கதியாகக் கிடக்கும் குரங்கு அடுத்த வளைவில் வரும் லாரிக்கு இரையாகிறது. உணவு கொடுக்காதீர் என்று வனத்துறை பலகை வைத்திருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

ஜவ்வாது மலையில் காவலூர் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வு நிலையத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் விண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இருட்டான, தெளிந்த வானம் வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். நாம் விளக்கை ஏற்றினால் நட்சத்திரம் மங்கும். நாம் குரலை எழுப்பினால் பறவை மறையும். தன்னைக் கொஞ்சம் அணைத்துக்கொள்ளாதவனுக்கு அத்தாட்சி தென்படுவதில்லை என்பதை அந்த மலையே காட்டித் தருகிறது.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது, அப்படியானால் காட்டில் பாங்கும் சொல்லக்கூடாதா என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆட்டுடனும் வனாந்தரத்துடனும் பிரியமாயிருந்த ஒருவருக்கு அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள், அங்கே குரலை உயர்த்தியே பாங்கு சொல்லும்படியும், அதைக் கேட்கும் ஜின்னும் மனிதரும் ஒவ்வொரு பொருளும் கியாமத்தில் சாட்சி சொல்லும் என்றும் கூறினார்கள். நாயகத்திடம் கேட்டதாகவே கூறினார்கள். ஆகவே ளுஹருடைய நேரம் வந்ததும் தாராளமாகச் சொல்லலாம். தொண்டை போதும், வேனின் ஒலிபெருக்கி வேண்டாம். அது காலையிலிருந்து பாடியதையும் அந்த மரங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.