வெந்த குடமும் விரிந்த கரியும்

பச்சைமண் குடம் சூளையில் வெந்து சிவக்கும்போது மாறுவது குடமா, அதன் அணுக்களா என்ற வினாவில் இரு தருக்க மரபுகள் பிரிந்து நின்றன. வெப்பம் குடத்தை அணுக்களாகச் சிதைக்க, நிறம் மாறிய அணுக்கள் மீண்டும் கூடுகின்றன என்றும், அது மிக விரைவாக நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்றும் வைசேடிகரின் பீலுபாகவாதம் வாதிட்டது. குடம் குலையாமலே, நுண்துளைகள் வழியே தீ புகுந்து அதை மாற்றுகிறது என்றது நையாயிகரின் பிடரபாகவாதம்.

இதே வினாவை இன்றைய ஆய்வகத்தில் வெப்பத்தால் மாறும் ஒரு பொருளிடமும் கேட்கலாம். கிராஃபைட் ஆக்சைடு, அதாவது ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிய கரியடுக்குகள், மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடத்திற்குள் கிராஃபீனை (கார்பன் அணுக்கள் அறுகோண வலையாய் அமைந்த ஓரணுத் தடிமன் தாளை) ஒத்த மென்தாள்களாக விரிவதை 2010இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். வினாடிக்கு ஏறத்தாழ 245 கோடி முறை அதிரும் மின்காந்த அலையை அடுக்குகளே உறிஞ்சுவதால் வெப்பம் பொருளுக்குள்ளேயே பிறக்கிறது. ஒட்டியிருந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் பீறிட்டு வெளியேறி அடுக்குகளைப் பிளக்கிறது.

இங்கே அடுக்கு என்னும் முழுமை அழிகிறது என்பதில் வைசேடிகர் மகிழலாம் எனினும், தாளின் அறுகோண வலை பெரும்பாலும் குலையாமல் நிற்பதால் நையாயிகர் பக்கமே வலுவானது. காரியம் காரணத்தில் முன்பே உள்ளது என்னும் சற்காரியவாதத்தை ஏற்கும் சைவ சித்தாந்தியோ, தாள் கிராஃபைட்டிலேயே இருந்தது என்பார்; ஆனால் வெளியேறும் வாயு தாளிலிருந்து கார்பன் அணுக்களையும் பறித்துச் செல்வதால் உண்டாகும் ஓட்டைகள் எந்தக் கிராஃபைட்டில் இருந்தன என்பதற்கு அவர் விடை கூற வேண்டியிருக்கும்.