பயன் தீர்ந்த உயிரும் நம் கடமையும்

ஓர் உயிர் நமக்குப் பயன்படும் வரையில் அதனைப் பேணுவது எளிது. பால் கொடுக்கும் பசுவுக்குப் புல்லும், வண்டி இழுக்கும் எருதுக்குப் பருத்திக் கொட்டையும், வாசல் காக்கும் நாய்க்குச் சோறும் இடுவதைக் கருணை என்று எவரும் சொல்வதில்லை. அது கொடுக்கல் வாங்கல். பயன் தீர்ந்து, நோயும் வந்து, அவ்வுயிர் மூலையில் முடங்கிய பின்னர் அதற்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? அறவழி நிற்க விரும்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இதுவேயாம். விலங்குகளின் மீது வைத்து இவ்வினாவை ஆராயப் புகுவோர்க்குப் பந்தய நாய்களின் வரலாறு மிகவும் துணைசெய்யும்.

கிரேஹவுண்ட் என்னும் பந்தய நாயை நம்மவருள் பலர் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடிவந்த குடும்பத்தினருக்கு அதன் உருவம் அந்நியமாகத் தோன்றாது. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் தென்னாட்டு வேட்டை நாய்களைப் போலவே ஒட்டிய வயிறும், ஆழ்ந்த மார்பும், நெடிய கால்களும் உடையது அது. மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வல்லது. பொறியால் ஓடும் பொய் முயலைத் துரத்தும் பந்தயம் 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எமரிவில் நகரில் தொடங்கிற்று. 1926இல் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகருக்கு வந்து, விரைவில் பெரும் சூதாட்டமாக வளர்ந்தது. அந்நாய் ஓடுவது பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு வயது வரையிலேதான். அதன் ஆயுளோ பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகள். ஆகவே, ஓட்டம் நின்ற பின் வாழ்வின் பெரும்பகுதி எஞ்சி நிற்கிறது. அந்தப் பெரும்பகுதி யாருக்கும் ஒரு காசும் ஈட்டித் தருவதில்லை.

அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்ற மிக் தி மில்லர் என்னும் நாயின் உடலைப் பதப்படுத்தி அந்நாட்டு அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். அதே நாட்டின் வடகிழக்கே ஸீஹாம் என்னும் ஊரில், ஓட்டம் ஓய்ந்த பந்தய நாய்கள் ஆயிரக்கணக்கில் கொன்று புதைக்கப்பட்டன என்னும் செய்தி 2006இல் வெளிவந்து உலகைத் திடுக்கிடச் செய்தது. வென்றதற்குக் கண்ணாடிப் பேழை, ஓய்ந்ததற்குக் குழி! நம் நாட்டின் நிலையும் நெடுங்காலம் பெருமைப்படத் தக்கதாக இல்லை. பணிக்குத் தகுதியிழந்த இராணுவ நாய்கள் கொல்லப்பட்டு வந்தன என்பது 2015ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாயிலாக வெளிப்பட்டது. தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு எழுந்த பின்னரே, ஓய்வு பெற்ற நாய்களைப் பேணக் கொள்கை வகுப்பதாக அரசு கூறிற்று. நல்ல மாறுதல்களும் நடவாமல் இல்லை. 2018இல் மக்காவ் நகரின் நாய்ப் பந்தயத் திடல் மூடப்பட்டபோது, எஞ்சியிருந்த ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நாய்களுக்கு அன்பர்கள் முயன்று இல்லங்கள் தேடிக் கொடுத்தனர்.

நம் மும்பை மாநகரின் ஒரு சான்றையும் காண்போம். 1993 மார்ச் 12ஆம் நாள் இந்நகரில் தொடர் குண்டுகள் வெடித்து 257 உயிர்கள் மாண்டதை நாம் மறந்திலோம். அதன் பின் வெடிக்காத குண்டுகளையும் மறைத்து வைத்த வெடிமருந்தையும் மோப்பத்தால் கண்டுபிடித்துக் கொடுத்தது காவல்துறையின் ஜஞ்சீர் என்னும் லாப்ரடார் நாய். அது காட்டிக்கொடுத்த ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து மட்டும் மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்டது என்பர். அதனால் உயிர் பிழைத்தோர் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல யாரால் இயலும்? அந்த நாய் 2000ஆம் ஆண்டு நவம்பரில், தன் எட்டாம் வயதில், எலும்புப் புற்றுநோயால் இறந்தது. காவல்துறையினர் முழு மரியாதையுடன் அதனை அடக்கம் செய்தனர்.

அந்த எலும்புப் புற்றுநோயே ஓய்வு பெற்ற பந்தய நாய்களையும் மிகுதியாகத் தாக்குகிறது. முதலில் ஒரு கால் சற்றே நொண்டும். சுளுக்கு என்று எண்ணிச் சில வாரங்கள் கழியும். பின்னர் வீக்கம் தோன்றும். எக்ஸ்-ரே எடுத்தால் எலும்பு அரிக்கப்பட்டிருப்பது தெரியும். அதற்குள் பெரும்பாலும் நோயின் நுண்ணிய வித்துகள் நுரையீரலை அடைந்துவிடுகின்றன. காலை அகற்றினால் கொடிய வலி நீங்கும். ஆனால் நோய் நீங்குவது அரிது. காலை அகற்றுவதோடு மட்டும் நின்றால் சில மாதங்கள்; மருந்தும் செலுத்தினால் ஏறத்தாழ ஓராண்டு. பெரும்பாலான நாய்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவே. அந்த ஓராண்டுக்காக ஒருவர் தம் பொருளையும் உறக்கத்தையும் செலவிடுவது அறிவுடைமையா என்று கேட்பவர் உண்டு.

இவ்வினாவுக்கு விநய நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி நேரே விடையளிக்கிறது. வயிற்றுப்போக்கால் வருந்திய ஒரு பிக்கு தம் மலத்திலேயே கிடந்தார். புத்த பகவன் ஆனந்தரோடு அங்கே வந்து, நீர் கொணரச் செய்து, அவரோடு சேர்ந்து அந்த நோயாளியைக் கழுவிக் கட்டிலில் கிடத்தினார். பிறகு, இவரை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை என்று சங்கத்தாரை வினவினார். அதற்கு அவர்கள் கூறிய விடை நம் சிந்தனைக்கு உரியது. அந்தப் பிக்குவால் மற்றவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே அவரை ஒருவரும் கவனிக்கவில்லை என்றனர். பகவன் அவ்விடையை ஏற்கவில்லை. நோயுற்றோர்க்குப் பணி செய்வது தமக்கே செய்யும் பணியாகும் என்று அறிவுறுத்தினார்.

பயன் இல்லை, ஆகவே பேணவில்லை என்னும் அந்தச் சொல்லே பந்தய நாயைக் கொன்றவனுடைய சொல்லும் ஆகும். ஜஞ்சீருக்குக் கிடைத்த மரியாதை நியாயமானதே. ஆயினும், வெடிமருந்து ஒன்றையும் கண்டறியாத தாராவிச் சந்து நாய்க்கும் எலும்பு அரிக்கும்போது அதே வலிதான். உழைப்பு தீர்ந்ததும் ஒதுக்கப்படுவது எத்தகையது என்பதை நம் பாட்டனார் வயற்காட்டிலும் தோல் பதனிடும் தொழிலிலும் அனுபவித்தே அறிந்தவர்கள். பிறவியாலும் பயனாலும் உயிரின் மதிப்பை அளப்பதை வெறுத்து வந்த நாம், அந்த அளவுகோலை வேறோர் உயிரின் மீது வைக்கலாகாது.

நோயாளியைப் பேணுவோர்க்கு இருக்க வேண்டிய ஐந்து தகுதிகளையும் அந்நிகழ்ச்சியை ஒட்டியே பகவன் வகுத்துரைத்தார். மருந்தை ஆயத்தம் செய்ய அறிதல், ஏற்றது எது ஏலாதது எது என்று தெரிதல், ஆதாயம் கருதாது அன்பினால் பணிசெய்தல், மலசலத்துக்கும் வாந்திக்கும் அருவருக்காதிருத்தல், தக்க மொழியால் நோயாளிக்கு ஊக்கம் தருதல் என்பன அவை. இவை விலங்குக்கும் பொருந்தும். நாம் விழுங்கும் வலி மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம். ஆதலின் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது. கிரேஹவுண்ட் போன்ற கொழுப்பில்லாத மெல்லுடல் நாய்களுக்கு மயக்க மருந்துகள் சில நெடுநேரம் தெளிவதில்லை. அதை அறிந்தே அளவிட வேண்டும். அறமொழி நாய்க்கு விளங்காது என்பது உண்மை. பழகிய குரலும் தலைமேல் வைத்த கையும் அதற்கு நன்றாகவே விளங்கும்.

இனி ஒரு தடையை ஆராய்வோம். மனிதருக்கே மருத்துவம் அரிதாக இருக்கும் இடத்தில், சயான் ஆஸ்பத்திரியில் வரிசையாக நம்மவர் காத்துக் கிடக்கும்போது, நாய்க்கு மருத்துவம் ஒரு கேடா என்பர். இத்தடையை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. குழந்தையின் மருந்துக்கு வைத்த பணத்தை நாயின் அறுவைக்குச் செலவிடுமாறு தம்மம் எவரையும் பணிக்கவில்லை. ஆயின், பணிவிடையின் பெரும்பகுதி பணத்தால் ஆவதன்று. வலி தணிக்கும் மருந்து, உலர்ந்த சாக்கு, சுத்தமான தண்ணீர், படுத்த பக்கத்தை மாற்றிக் கிடத்தும் ஒரு கை. இவை பத்தடி வீட்டிலும் கூடும். பரேலில் சர் தின்ஷா பெட்டிட் என்னும் பார்சிச் செல்வர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் மனைவியார் பெயரால் நிறுவிய விலங்கு மருத்துவமனை மாதுங்காவிலிருந்து தொலைவில் இல்லை. அதற்கும் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்ததை ஒருங்கே பொறித்தார். அவ்வறம் சென்ற நாடுகளுள் சோழரும் பாண்டியரும் ஆண்ட நம் நாடுகளையும் பெயர் சொல்லிக் குறித்தார். மனிதருக்குச் செய்து முடித்த பின் விலங்குக்குச் செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. வேள்விக்குக் கட்டிய பசுவை இரவில் அவிழ்த்துச் சென்ற ஆபுத்திரனே பின்னர் அமுதசுரபி ஏந்தி மக்களின் பசியாற்றினான் என்று மணிமேகலை கூறுவதும் இங்கே நினைக்கத் தக்கது. விலங்குக்கு இரங்கிய நெஞ்சம் மனிதருக்கு வறண்டு போவதில்லை.

எல்லாவற்றினும் கடினமான வினா இனித்தான் வருகிறது. வலி பொறாது துடிக்கும் உயிரை ஊசியிட்டு முடித்தல் கருணையாகுமா? 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில் அதற்கு இடமளிக்கிறது. சட்டம் இடமளிப்பது வேறு. சீலம் இடமளிப்பது வேறு. கொலையாவது எது என்று ஆராயும் நம் நூல்கள், உயிர் என்று அறிந்து, கொல்லும் எண்ணத்தோடு முயன்று, அதனால் அவ்வுயிர் போவதைக் கொலை என்கின்றன. நோயுற்ற ஒரு பிக்குவுக்கு இரக்கத்தினாலேயே மரணத்தைப் புகழ்ந்து சொன்ன பிக்குகளும் குற்றத்தினின்று விடுபடவில்லை என்று விநயம் கூறுகிறது. ஆகவே, இரக்கம் என்னும் பெயர் இட்டதனால் மட்டும் செயலின் இயல்பு மாறிவிடாது.

அப்படியானால் துடிக்க விட்டுவிடுவதா? அதுவும் அன்று. வலியைத் தணிக்க எவ்வளவு வலிய மருந்தும் கொடுக்கலாம். பயனற்ற அறுவைகளால் மேலும் வருத்தாமல் நோயை அதன் போக்கில் விடலாம். கொல்லும் எண்ணம் இவற்றில் இல்லை. பெரும்பாலான நோய்களில் இவ்வளவே போதும். எம்மருந்துக்கும் அடங்காத வலி சில வேளைகளில் உண்டு. அவ்வேளையில் மருத்துவரோடு கலந்து முடிவு செய்பவர் முதலில் தம் நெஞ்சைக் கேட்க வேண்டும்: முடிய வேண்டும் என்று நான் விரும்புவது அதன் வேதனையா, அதனைப் பார்க்கும் என் வேதனையா? இரவு பல விழித்துப் பணி செய்தவரே இதற்கு உண்மையான விடை கூற முடியும். ஒரு நாளும் அருகில் அமராதவர் முதல் நாளிலேயே ஊசியைக் கேட்பது தொல்லை நீக்கமே அன்றிக் கருணையன்று. பணி செய்தவர் அவ்விதம் முடிவு செய்ய நேரின், அதனைப் புண்ணியம் என்று கொண்டாட வேண்டா. அதன் பாரத்தைத் தெரிந்தே தாங்குவாராக. நாமும் அவரைப் பாவி என்று தூற்ற வேண்டா. அவருடைய எண்ணத்தை அவரே அறிவார்.

இறுதியாக, இழப்பைப் பற்றி ஒரு சொல். நாய்க்காக அழுபவரைக் கண்டு அண்டை வீட்டார் நகைப்பது நம் குடியிருப்புகளில் வழக்கம். எல்லாம் அநித்தியம் என்று ஒரு வரியில் ஆறுதல் சொல்லி எழுந்து போவாரும் உளர். இறந்த மகவைத் தோளில் சுமந்து வந்த கிசா கோதமியைப் பகவன் அழாதே என்று அதட்டவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வருமாறு அனுப்பினார். அவள் வீடு வீடாகச் சென்று பிறர் துயரையும் கேட்டாள். கேட்டுத் தானே தெளிந்தாள். துயருற்றவர் உடனே தெளிய வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது அறமன்று. அவர் சொல்வதைக் கேட்பதும், உடலை அடக்கம் செய்ய உடன் செல்வதுமே நாம் செய்யத் தக்கவை. புதைக்க மண் இல்லாத இம்மாநகரில் 2023இல் மாநகராட்சி மலாடில் சிறு விலங்குகளுக்கென எரியூட்டு நிலையம் ஒன்றை ஏற்படுத்தியதைப் பலர் அறியார், அறிந்தோர் அறிவிக்கலாம்.

பயன் தீர்ந்த பின்னும் ஒருவர் அருகில் இருந்து கழுவித் துடைத்தால், அவர் அவ்வுயிரிடமிருந்து ஏதும் எதிர்பார்க்கவில்லை என்பது விளங்கும். கொடுக்கல் வாங்கல் முடிந்த அவ்விடத்தில்தான் மேத்தையும் கருணையும் சொல்லளவில் நில்லாது செயலாகின்றன. நம் ஒவ்வோர் இல்லத்திலும் வயது முதிர்ந்தவர், நோயுற்றவர், இனி ஈட்டித் தர இயலாதவர் உண்டு. ஒரு நாயைக் கடைசி வரை பேணிய வீட்டின் குழந்தைகள், அவர்களை எவ்விதம் பேண வேண்டும் என்பதையும் கண்ணாரக் கண்டே கற்றுக்கொள்வார்கள்.