சடமாகிய மனம்

கொடைக்கானலில், வட்டக்கானலுக்கு அருகே பாம்பாற்றுச் சோலையின் விளிம்பில் 1980களில் தொடங்கப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்து, 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, சைவ சித்தாந்தத்தின் பழைய கேள்வி ஒன்றை மீண்டும் எழுப்புகிறது: ஓர் உலோகம் மனத்தை வாட்டுமானால், அவ்வாட்டம் யாருடைய வினை?

அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் பாதரசத்திற்கு மணமோ, கண்ணுக்குப் புலப்படும் புகையோ இல்லை. மூச்சோடு உட்செல்லும் ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியே குருதியில் கலந்து, மூளைக்குள் நுழைந்து, அங்கே வேதிமாற்றம் அடைந்து, எளிதில் வெளியேற இயலாதவாறு தங்கிவிடுகிறது. கைநடுக்கம், உறக்கமின்மை, மறதி, மனச்சோர்வு ஆகியவற்றோடு, பிறர் முகம் பார்க்கக் கூசும் அளவுக்கு மீறிய கூச்சமும் சேர்ந்த இந்நிலையை மருத்துவர்கள் எரிதிசம் என்பர். ஐரோப்பாவில் பாதரச உப்பைக் கொண்டு உரோமத்தைப் பதப்படுத்திய தொப்பித் தொழிலாளரிடம் இது முன்னரே காணப்பட்டது.

பாதரசத்தைச் சிவத்தின் கூறாகவும் கந்தகத்தைச் சக்தியின் கூறாகவும் போற்றும் சித்த மரபு, சுத்தி செய்யப்படாத இரசத்தை நஞ்சென்றே கருதியது. சித்தர் போகர் ஒன்பது பாடாணங்களின் கலவையாகிய நவபாஷாணத்தால் முருகன் திருமேனியை அமைத்தார் என மரபு கூறும் பழனி, அத்தொழிற்சாலை இருந்த மலைத்தொடரின் அடிவாரத்திலேயே உள்ளது. சைவ சித்தாந்தமோ இன்னும் ஆழமான இடத்தைத் தொடுகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள், அதாவது உயிர் அறிவதற்குத் துணையாகும் அகக்கருவிகள், மாயையிலிருந்து தோன்றியவை; எனவே அவை சடம், தாமாக அறியும் ஆற்றல் அற்றவை. கருவி பழுதுபட்டால் அதன்வழி அறியும் உயிருக்கு உலகம் இருண்டு தோன்றும் என்பதால், உலோகம் மனத்தைக் கெடுக்கும் என்ற செய்தியில் சித்தாந்திக்கு வியப்பு இராது. நோயுற்றவரை மனவலிமை இல்லாதவர் எனப் பழிப்பதற்கும் இடமிராது.

அப்படியாயின் வினை? துன்புறுவோர் முன்வினையையே நுகர்கின்றனர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது, கோட்பாட்டின் பாதியை மறைப்பதாகும். நுகரப்படும் வினையாகிய பிராரத்தத்தோடு, இப்பொழுது செய்து ஈட்டப்படும் ஆகாமியத்தையும் சித்தாந்த நூல்கள் பேசுகின்றன. ஒருவருக்கு நுகர்வாக வரும் நிகழ்ச்சியே, அதற்குக் காரணமானவருக்குப் புதிய வினையாகும். முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழித்துவிட இயலாது. அத்தொழிற்சாலையின் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பழைய பொருள் கிடங்கில் 2001 மார்ச்சில் கண்டறியப்பட்டதும், செய்தவர் இன்னார் எனச் சுட்டத்தக்க செயலின் விளைவே.

நோயின் தன்மை இதில் ஒரு கொடுமையைச் சேர்க்கிறது: கூச்சத்தையும் மறதியையும் தரும் நஞ்சு, முறையிட வேண்டியவரின் நாவையும் நினைவையுமே முதலில் தளர்த்துகிறது. தன் ஆலையால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்ற நிலையில் நின்ற நிறுவனம், 2016இல் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாட்டுக்கு வந்து, மனிதநேய அடிப்படையில் தொகை வழங்க இசைந்தது. இத்தகைய தொகைக்குத் தமிழில் கருணைத் தொகை என்று பெயர். கொடுப்பவர் கடன்பட்டவர் என்ற பொருள் அச்சொல்லில் இல்லை.