பட்டாதாரரா, உக்கிராணக்காரரா?

1905ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லூயிசா கவுண்டிக்கு மண் ஆய்வுக்காகப் போயிருந்த ஹியூ ஹேமண்ட் பென்னெட் என்ற இளைஞர், அடுத்தடுத்து இருந்த இரண்டு துண்டு நிலங்களைத் தோண்டிப் பார்த்தார். ஒன்று மரங்கள் அடர்ந்த காடு. அங்கே மண் ஈரமாக, பொலபொலவென்று, வெறுங்கையால் அள்ளும் பதத்தில் இருந்தது. அதை ஒட்டிய உழவு நிலத்திலோ களிமண் காய்ந்து பாறையாக இறுகிக் கிடந்தது. இரண்டுக்கும் ஒரே சரிவு. ஆதியில் ஒரே மண். வெட்டுப்பள்ளம் ஏதும் விழவில்லை. மழைக்கு மழை, தாள் கனத்தில், மேல்மண் யார் கண்ணிலும் படாமல் கழன்று போயிருந்தது.

கண்ணில் படாத இந்த இழப்புக்கு யார் பொறுப்பு? உழுதவர் சட்டத்தை மீறவில்லை. நிலம் அவர் பெயரில் இருந்தது, அவர் உழுதார், அவ்வளவுதான். ஆனால் ஓரங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். ஒரு தலைமுறை கையெழுத்துப் போட்டு வாங்கிய பத்திரம், வரப்போகும் தலைமுறைகளின் மண்ணையும் கரைத்துவிட உரிமை தருமா?

அந்த விவசாயிகள் ஞாயிறுதோறும் கேட்ட வேதத்திலேயே இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் உண்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் பூமியை ஆளும் அதிகாரத்தை மனிதனுக்குக் கொடுக்கிறது. இரண்டாம் அதிகாரம் அவனைத் தோட்டத்தைப் பயிரிட்டுக் காக்கும் வேலைக்கு வைக்கிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், நிலம் கடவுளுடையது, அதில் இருப்பவர்கள் வந்து தங்கியவர்களே என்கிறது. தமிழ் வேதாகமத்தில் இதற்கு நெருக்கமான ஓர் அருமையான சொல் உண்டு: உக்கிராணக்காரன். கல்யாண வீட்டில் உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவரை நாம் பார்த்திருக்கிறோம். அரிசியும் பருப்பும் அவர் கைப்பட்டுத்தான் வெளியே போகும். ஆனால் ஒரு படி அரிசிகூட அவருடையது இல்லை.

1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் புழுதிப்புயல்கள் பகலை இருட்டாக்கியபோது, இந்தக் கேள்வி மேடையிலிருந்து இறங்கி வயலுக்கு வந்தது. 1935 ஏப்ரல் 27 அன்று மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பென்னெட் அதற்கான துறையின் தலைவரானார். 1937 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி, உள்ளூர் அளவில் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் அமைக்க மாநிலச் சட்டம் இயற்றும்படி கேட்டுக்கொண்டார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று, வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில் முதல் மாவட்டமான பிரவுன் கிரீக் பிறந்தது. அது பென்னெட் பிறந்த கவுண்டி. இன்று நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 3,000 இருக்கின்றன.

மாவட்டம் என்றதும் கலெக்டர், தாசில்தார் என்று நினைத்துவிட வேண்டாம். இதை நடத்தும் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே ஊர் விவசாயிகள். பலர் தேர்தலில் வந்தவர்கள், சம்பளம் வாங்காதவர்கள். நிலக்காரர் வந்து கேட்டால், தொழில்நுட்பம் தெரிந்தவர் அவரோடு வயலில் நடந்து பார்ப்பார். எந்த இடத்தில் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும், தண்ணீர் ஓடும் தடத்தில் எங்கே புல் விட வேண்டும், அறுவடைக்குப் பின் என்ன மூடுபயிர் விதைக்கலாம் என்று சேர்ந்து திட்டம் போடுவார்கள். உழாமல் விதைக்கும் கருவியைப் பல மாவட்டங்கள் வாடகைக்கே தருகின்றன. கேட்காதவர் வீட்டுக் கதவை யாரும் தட்டி மிரட்டுவதில்லை.

அதற்குப் பதில் ஒரு வித்தை காட்டுவார்கள். உழுத வெறும் மண், மூடுபயிர் நின்ற மண், புல்தரை மண் என்று சில தட்டுகளைச் சாய்த்து வரிசையாக வைத்து, மேலிருந்து செயற்கை மழை பெய்ய விடுவார்கள். தட்டுகளின் முன்னே கண்ணாடி ஜாடிகள். புல்தரைத் தட்டிலிருந்து தெளிந்த நீர் கொஞ்சம் சொட்டும். வெறும் மண் ஜாடியோ டீக்கடைப் பாலில்லாத டிகாஷன் நிறத்தில் நிறையும். எந்தப் பிரசங்கமும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

பிரசங்கத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பென்னெட்டின் சகா வால்டர் லௌடர்மில்க் 1939இல் எருசலேம் வானொலியில் பேசும்போது, மோசே இந்த மண்ணரிப்பை முன்னறிந்திருந்தால் எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்து, பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாக மண்காப்பையும் சேர்த்தார். 1955 முதல் மாவட்டங்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு வாரத்தை நிலப் பொறுப்புக்கென்று கொண்டாடுகிறது. அதன் வேர், ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் வியன் நகர ஆயர் மமெர்ட்டஸ் தொடங்கிய வேண்டுதல் நாட்களில் இருக்கிறது. அரசையும் திருச்சபையையும் பிரித்து வைத்த நாட்டில், சட்டம் உண்டாக்கிய மாவட்டங்கள் தேவாலயங்களுக்கு வழிபாட்டுக் குறிப்புகள் அனுப்பியது வேடிக்கைதான்.

ஆனால் சாவி வைத்திருப்பவர் தானாகவே நேர்மையாக இருப்பாரா? சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்டுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. விஸ்கான்சினின் கூன் வேலியில் 1933இல் நாட்டின் முதல் மண்காப்பு முன்மாதிரித் திட்டம் தொடங்கியபோது அவர் அதன் ஆலோசகர்களில் ஒருவர். 400க்கு மேற்பட்ட விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 1949இல் வெளியான நூலில் அவருடைய மனக்குறை பதிவாகியிருக்கிறது: நிலப் பயன்பாட்டு விதிகளைத் தாங்களே எழுதிக்கொள்ள விஸ்கான்சின் மாநிலத்தின் 1937 சட்டம் விவசாயிகளுக்கு வழி திறந்தது, பத்தாண்டு கழிந்தும் ஒரு கவுண்டிகூட ஒரு விதிகூட எழுதவில்லை, கைமேல் காசு தந்த பழக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

குத்தகை இந்தக் குறையை இன்னும் கூர்மையாக்குகிறது. 2014 கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாய நிலத்தில் சுமார் 39 விழுக்காடு குத்தகைக்கு விடப்பட்டது. அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத வயலில், பலன் தர ஐந்தாறு வருடம் ஆகும் வேலையில் எந்தக் குத்தகைக்காரர் பணம் போடுவார்? இங்கே உக்கிராணக்காரர் யார் என்பதே தெளிவில்லை.

ஆனாலும் லியோபோல்டு பாதிதான் சரி. புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் கூன் வேலி வழியே ஓடும் கூன் கிரீக் ஓடையை அளந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், படுகையில் வண்டல் சேரும் வேகம் 1930களில் இருந்ததில் சுமார் 6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. லாபத்துக்காகச் செய்தார்களோ, பக்கத்து வயல்காரர் செய்வதைப் பார்த்து வெட்கப்பட்டுச் செய்தார்களோ, விதி எழுதாமலேயே பழக்கம் நிலைத்துவிட்டது. பின்னாளில் அங்கே கட்டிய சிறு அணைகளில் மூன்று 2018 ஆகஸ்ட் பெருமழையில் உடைந்தன. அதன்பின் அந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகளும் ஊர்க்காரர்களும் மறுபடி கூடி, நீர்ப்பிடிப்புப் பகுதிக்கென்று ஒரு மன்றம் அமைத்துக்கொண்டார்கள்.