இரண்டு வசனங்கள்

நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஓர் அதிகாரம் என்று கணக்கு வைத்து அப்பா ராத்திரி ஜெபத்தில் வாசிப்பார். 31ஆம் தேதி இல்லாத மாதங்களில் கடைசி அதிகாரம் விடுபட்டுப்போகும். லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்தி அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. ஆக, எங்கள் வீட்டில் ஒரு தாய் உபதேசித்தது வருஷத்துக்கு ஏழு தடவை. மற்ற நாட்களில் தகப்பன் பேசினான், மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

புத்தகத்தின் அமைப்பே ஏறக்குறைய அப்படித்தான். 'என் மகனே' என்ற விளி திரும்பத் திரும்ப வருகிறது. மகன் பதில் சொல்லும் இடம் ஒன்றுகூட இல்லை. எங்கள் அப்பா பள்ளி ஆசிரியர். பிரம்பைப் பற்றிய வசனங்களுக்கு வியாக்கியானம் தேவைப்படாதவர். அந்தக் கசப்பில் வெகுகாலம் இந்தப் புத்தகத்தை நான் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் 26ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். நாலாம் வசனம், மூடனுக்கு அவன் பாணியில் பதில் பேசாதே என்கிறது. பேசினால் நீயும் அவனைப் போலாகிவிடுவாய். ஐந்தாம் வசனம், அவன் பாணியிலேயே பதில் பேசு என்கிறது. பேசாவிட்டால் அவன் தன்னை ஞானி என்று எண்ணிக்கொள்வான். இரண்டுக்கும் நடுவே சமாதானமாக ஒரு சொல்லும் இல்லை. வசனங்கள் இப்படி ஒன்றையொன்று மறுப்பதால் இந்தப் புத்தகத்தையே ஒதுக்கி வைத்துவிடலாமா என்று யூத அறிஞர்கள் யோசித்ததாகத் தல்மூத் சொல்கிறது. ஒன்று வேத விஷயத்துக்கு, மற்றது லௌகிகத்துக்கு என்று பிரித்து அவர்கள் பிரச்னையைத் தீர்த்துக்கொண்டார்கள்.

அந்தத் தீர்வில் எனக்குத் திருப்தி இல்லை. முரண்பாட்டை அப்படியே விட்டுவைத்ததில்தான் தொகுத்தவனின் நேர்மை இருப்பதாகப் படுகிறது. பதில் பேசினால் நஷ்டம் எனக்கு. பேசாவிட்டால் நஷ்டம் அவனுக்கு. நஷ்டமில்லாத மூன்றாவது வழி எழுதப்படவில்லை. குடும்பத்தில் சாப்பாட்டு வேளைச் சண்டை எல்லாமே இந்த இரண்டு நஷ்டங்களுக்கு இடையில்தான் நடக்கிறது. எதை ஏற்பது என்று அந்தந்த நிமிஷத்தில்தான் தெரியும். பல சமயம் அது கடந்த பிறகு. நீதிமொழியால் அந்த நிமிஷத்தைக் காட்டித்தர முடியாது. இது புத்தகத்துக்கும் தெரிந்திருக்கிறது: அதே அதிகாரத்தில் சில வரிகள் தள்ளி, மூடன் வாயில் அகப்பட்ட நீதிமொழியைக் குடிகாரன் கையில் ஏறிய முள்ளுக்கு ஒப்பிடுகிறது.

இவற்றில் பெரும்பகுதி சாலொமோன் பெயரில் வழங்குவது. அவன் மகன் ரெகொபெயாம் முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளிவிட்டுத் தன் வயதுக்காரர்கள் பேச்சைக் கேட்டான். ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. மகன் கெட்டவன் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அத்தனை நீதிமொழிகள் சொன்ன தகப்பன், அந்த மகன் சொன்னதை ஒரு தடவையாவது கேட்டிருப்பானா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க எனக்கும் யோக்யதை இல்லை. சென்ற ஆண்டு என் மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். காலையில் எட்டு மணிக்கு மேல்தான் எழுந்திருப்பான். ஒரு நாள் காப்பி டம்ளரை அவன் முன் வைத்துவிட்டு, சோம்பேறியை எறும்பிடம் போய்ப் படிக்கச் சொல்லும் ஆறாம் அதிகாரத்தை எடுத்துவிட்டேன். வார்த்தை என்னுடையதுதான், குரல் அப்பாவுடையது. எறும்புக்குத் தலைவனும் இல்லை, அதிகாரியும் இல்லை என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. ஓர் அதிகாரி பலர் முன்னிலையில் அவனை அவமானப்படுத்தியதால்தான் வேலையை விட்டான் என்று அவன் அம்மா வழியாகப் பிற்பாடு தெரிந்தது.

அன்று அவன் ஒன்றும் பேசவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

அந்த இரண்டு வசனங்களிலும் மூடன் யார் என்று எழுதியிருக்கவில்லை. வாசிக்கிறவன், அது எதிரில் இருப்பவன் என்று எடுத்துக்கொள்கிறான். தகப்பனாக இருந்தால் அதில் சந்தேகமே வருவதில்லை. என் மகன் வேதம் வாசிக்கிறவன் இல்லை. ஆனால் அன்று அவன் நாலாம் வசனத்தின்படி நடந்தான். மூடன் இருந்த இடத்தில் நான் இருந்தேன்.

இப்போது அவனுக்கு வேறு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான், உடம்பைப் பற்றி விசாரிக்கிறான், வைத்துவிடுகிறான். ஐந்தாம் வசனத்துக்காக நான் காத்திருக்கிறேன்.