பெயர் வேண்டாம் என்னும் கட்டம்

டெக்ஸஸ் மாகாணத்தில், டல்லஸ் நகருக்கு வடக்கே, பள்ளிப் பிள்ளைகள் பந்தாடுவதற்கென்றே 18,000 பேர் அமரக்கூடிய அரங்கொன்றை ஏறத்தாழ ஆறு கோடி டாலர் செலவில் எழுப்பி 2012-இல் திறந்துவைத்த ஆலன் என்னும் ஊரில், மகன் வீட்டில் ஆறு மாத காலம் தங்கியிருந்தபோது, தானத்தைப் பற்றிய ஒரு பழைய விசாரம் என் பேத்தியின் மடிக்கணினி வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. பள்ளியில் கொடுத்த பயிற்சிக்காக, ஏழைப் பிள்ளைகளுக்குக் காலை உணவளிக்கும் கற்பனைத் தர்மஸ்தாபனம் ஒன்றுக்கு நான்கே பக்கங்களில் இணையதளம் கட்டிக்கொண்டிருந்தாள். நன்கொடைப் பக்கத்தின் அடியில், 'என் பெயரை வெளியிட வேண்டாம்' என்று ஒரு சின்னக் கட்டம்.

"தாத்தா, இதில முன்னாடியே டிக் போட்டு வைக்கட்டுமா, சும்மா விடட்டுமா?"

கேள்வி அற்பமானதன்று. வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தைத் தொடப்போவதில்லை. ஆகவே கொடுப்பவன் பெயர் விளங்குவதும் மறைவதும் அவன் மனப்பக்குவத்தைப் பொறுத்ததாக இல்லாமல், ஒரு சிறுமி முன்கூட்டி இட்டுவைக்கும் குறியைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குக் குரு சொல்லும் விடை உபதேசத்தில், தைத்திரீய உபநிஷத்து சிரத்தையோடு கொடுக்கச் சொல்வதோடு நில்லாமல், நாணத்தோடும் கொடு என்கிறது. தன்னால் இவ்வளவுதானே முடிந்தது என்ற கூச்சம் என்று அதற்குப் பொருள் கொள்வாருண்டு. எனக்கோ, ஒரு கை மேலும் மற்றொரு கை கீழுமாக அமைந்துவிட்ட அந்தக் கணத்தைக் குறித்த கூச்சமாகவே அது படுகிறது. அப்படியானால் டிக் போட்டே வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்து நிறுத்திக்கொண்டேன். 1010-ஆம் ஆண்டை ஒட்டி, தானும் தன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டச் செய்த ராஜராஜனுக்கு நாணம் இல்லை என்று தீர்ப்பளிக்க எனக்குத் துணிவில்லை. அச்சாசனங்களை நிதானமாகப் பார்த்தால், ஒரு விளக்குக்கு 96 ஆடு, அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் இன்னார், அவர்கள் ஆடவல்லான் என்னும் அளவையால் நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு என்று, கொடுத்தவன் புகழைக் காட்டிலும் பொறுப்பேற்றவன் கடனே விரிவாகப் பொறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். அமெரிக்கச் சட்டமும் ஏறக்குறைய இவ்வழியே செல்கிறது: வரிவிலக்குப் பெற்ற பொதுத் தர்மஸ்தாபனம் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் கணக்கை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், கொடுத்தவர்களின் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போக, பேத்தி (கேட்டாளோ இல்லையோ) முகப்புப் பக்கத்துக்குத் தாவிவிட்டாள். அங்கே எங்கிருந்தோ எடுத்த ஒரு படம்: கிழிந்த சீருடை, கையில் காலித் தட்டு, நேராக நம்மைப் பார்க்கும் ஒரு பெண்குழந்தை. பார்வையற்றோருக்குக் கணினி வாசித்துச் சொல்வதற்காக ஒவ்வொரு படத்துக்கும் மாற்றுவரி ஒன்று எழுதவேண்டுமாம். 'ஏழைச் சிறுமி' என்று தட்டினாள்; அழித்தாள். 'பசியோடு இருக்கும் சிறுமி' என்றாள், அதையும் அழித்தாள்.

"இவ பேரு என்ன தாத்தா?"

கொடுப்பவர் பெயரை மறைப்பதா வெளியிடுவதா என்று அரைமணி நேரம் உபநிஷத்தையும் கல்வெட்டையும் துணைக்கழைத்த நான், பெற்றுக்கொள்பவளின் முகத்தை அவள் சம்மதமின்றி உலகத்தின் முன் நிறுத்தியிருப்பதைக் கவனிக்கவே இல்லை. அந்தக் குழந்தைக்கு டிக் போட ஒரு கட்டத்தை யாரும் வைக்கவில்லை.

படத்தை நீக்கிவிட்டாள். ஆனால் முகப்பில் ஒரு படமாவது இருக்கவேண்டும் என்பது பயிற்சியின் நிபந்தனை. சற்று யோசித்துவிட்டுச் சமையலறைக்குப் போய், மருமகள் அரிசி அளக்க ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பித்தளை உழக்கை ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து வந்தாள். மாற்றுவரி எழுத இம்முறை அவளுக்கு நேரமே பிடிக்கவில்லை.