நடுவர் எதை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம்?

பிரித்தானியர் 1957 இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்த திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து, சீனக்குடாவின் மாவாலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்க் குதங்களுமாக ஒரு கைத்தொழில் வட்டாரம் இருந்துவருகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே அருகருகே உழைக்கின்றனர். அத்தகைய இடங்களில் எழும் பிணக்குகளுக்கென 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் பல வழிகளை வகுத்திருக்கிறது. தொழில் திணைக்கள அதிகாரி இரு தரப்பையும் அழைத்துப் பேசி உடன்பாட்டுக்குக் கொண்டுவருவது இணக்கப்படுத்தல். மூன்றாமவர் ஒருவர் இரு பக்கமும் கேட்டு முடிவு சொல்வது நடுத்தீர்ப்பு. வேலைநீக்கப்பட்டவர் முறையிடுவதற்கான தொழில் நியாய சபை 1957 இன் திருத்தத்தால் வந்தது. நடுத்தீர்ப்பாளரும் நியாய சபையும் ஒப்பந்த வாசகத்தோடு நின்றுவிடாமல், நீதியும் ஒப்புரவும் உடையதெனத் தமக்குப் படுவதைத் தீர்ப்பாக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை.

ஒப்புரவை எவ்வாறு அறிவது என்ற கேள்விக்குச் சட்டம் விடை கூறுவதில்லை. அது அறநூல்களின் கேள்வி. இரு தரப்பிலிருந்தும் ஒரே தூரத்தில் நிற்பதே நடுவுநிலை எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் ஒரு மாதச் சம்பளம் நின்றால் அடுப்பெரியாத வீட்டுக்காரருக்கும், வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டாலும் தாங்கக்கூடிய நிறுவனத்துக்கும் இடையே சமதூரத்தில் நிற்பவர், தாம் அறியாமலே வலியவருக்குத் துணைபோகிறார். நடுவு நிலைமையைப் பன்னிரண்டாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்த திருக்குறள், அதற்கு உவமையாகத் துலாக்கோலைக் கொள்கிறது. எடை வைக்குமுன் சமமாக நிற்பதும் வைத்தபின் பாரமுள்ள பக்கம் சாய்வதும் அக்கோலின் இயல்பாதலால், எதை வைத்தாலும் அசையாத கோலை நேர்மையானது என்று எவரும் சொல்லார்.

இதைவிடக் கடினமான கேள்வி, அமைதிக்காக நீதியில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது. பௌத்த விநயம் சங்கத்துப் பிணக்குகளைத் தீர்க்க ஏழு முறைகளைக் கூறுகிறது. அவற்றில் ஒன்றான திணவத்தாரகம், புல்லால் மூடுவது போன்ற முறை. இரு பக்கத்துப் பிக்குகளும் சண்டையில் பல பிழைகள் செய்திருக்க, ஒவ்வொன்றாகக் கிளறினால் பிளவு பெருகும் என்ற நிலையில், பக்கத்துக்கு ஒருவர் எல்லோர் சார்பிலும் ஒப்புக்கொள்ள, பிழைகள் அத்துடன் மூடப்படுகின்றன. வேலைநிறுத்த நாளில் வீசப்பட்ட கடுஞ்சொற்களுக்கு இதைவிடச் சிறந்த மருந்தில்லை. எனினும் கடுங்குற்றங்களும் இல்லறத்தார் தொடர்பான குற்றங்களும் இம்முறையால் மூடப்படுவதில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் முஸ்லிம்கள் அறிந்த சுல்ஹ், அதாவது பிணக்குற்றோரிடையே செய்யப்படும் சமாதான உடன்படிக்கை, பெரிதும் போற்றப்படுவதாயினும், விலக்கப்பட்டதை அனுமதிக்கப்பட்டதாக்கும் உடன்படிக்கை இஸ்லாமியச் சட்டத்தில் செல்லாது.

இல்லறத்தாரைப் பற்றிய அந்த விலக்கு ஆழ்ந்து எண்ணத்தக்கது. சங்கத்துக்கு வெளியே நிற்பவருக்குச் செய்த தீங்கைச் சங்கத்தார் தமக்குள் மூடிக்கொள்ள முடியாது என்றே அதற்குப் பொருள் கொள்ளத் தோன்றுகிறது. இணக்கப்படுத்தும் மேசையில் ஒரு தொழிலாளி சம்பளச் சீட்டுகளைப் பரப்பி, தம் பங்காகப் பிடித்த 8 வீதமும் நிறுவனம் சேர்க்க வேண்டிய 12 வீதமும் சில மாதங்களாக ஊழியர் சேமலாப நிதிக்குப் போகவில்லை எனக் காட்டுகிறார் என்று கொள்வோம். பாதியைக் கட்டுகிறோம், மீதியை மறந்துவிடுங்கள் என்று நிறுவனம் சொல்லி, தொழிலாளியும் களைப்பினால் தலையசைத்தாலும், அந்தப் பணம் அவருடையது மட்டுமன்று. அவர் இறந்தால் அதைப் பெறவேண்டிய மனைவி மக்கள் அம்மேசையில் அமரவில்லை. சரக்கேற்றும் இடத்துப் பாதுகாப்புக் குறையும் இத்தகையதே, ஏனெனில் நாளை அங்கே வேலைக்கு வரப்போகிறவரின் சார்பில் இன்றைய தொழிலாளி இழப்பீடு வாங்கி விட்டுக்கொடுக்க இயலாது. வேலை நேர மாற்றம், விடுமுறை ஒழுங்கு, பதவியுயர்வு வரிசை போன்றவற்றில் இருவரும் இறங்கிவருமாறு வற்புறுத்துவது நடுவரின் கடமை. உரிமைப் பணத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் பேரத்துக்கு வைக்கும்போது, இரு தரப்பும் கையொப்பமிடத் தயாராக இருந்தாலும், அந்தத் தாளை ஏற்க மறுப்பதே அவருடைய நடுவுநிலை.